நெளிந்த வளையம்: ஒரு வால்வு நோய் பெருகிச் சுருங்கிய வரலாறு

1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில், இதயத்தில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் என்று கருதப்பட்ட 100 இளம்பெண்களுக்கு எக்கோ என்னும் மீயொலிப் பரிசோதனை எடுத்துப் பார்த்தார்கள். 21 பேருக்கு மைட்ரல் வால்வு பிதுக்கம் இருப்பதாக முடிவு வந்தது. 1999-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் ஊரில் ஆண்களும் பெண்களுமாக 3,491 பேரின் எக்கோவைப் பரிசீலித்தார்கள். பிதுக்கம் இருந்தது 84 பேருக்கு, அதாவது 2.4 சதவீதம். ஐந்தில் ஒருவருக்கு என்றிருந்த நோய் நாற்பதில் ஒருவருக்கு என்றாகிவிட்டது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் மனித இதயம் மாறவில்லை. இந்த நோயை விரட்டும் மருந்து எதுவும் வரவில்லை. பழைய கருவி மங்கலானது, புதிய கருவி தெளிவானது, அதனால்தான் எண்ணிக்கை இறங்கியது என்று இதற்குச் சுருக்கமாகக் காரணம் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். கருவி தெளிவான பிறகும் சில ஆண்டுகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. கருவி காட்டியதைப் படித்தவர்களின் மனத்தில் ஒரு வடிவம் இருந்தது. வால்வு பொருந்தியிருக்கும் வளையம் தட்டையானது என்பது அது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அந்த வடிவம் தவறு என்று தெரிந்த நாளில்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. இந்த நோயைக் கண்டறிந்த வரலாற்றைக் காதில் தொடங்கி வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் அந்த உறுப்பு. இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. அதன் இரண்டு இதழ்களும் சேர்ந்து பிஷப்புகள் அணியும் கூம்புத் தொப்பி போல இருப்பதாக 16-ஆம் நூற்றாண்டில் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் கண்டார். மைட்டர் என்ற அந்தத் தொப்பியின் பெயரே வால்வுக்கும் ஒட்டிக்கொண்டது. கீழறை சுருங்கி உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளும்போது, அது பின்வாங்கி நுரையீரல் பக்கம் போய்விடாதபடி இந்த இதழ்கள் மூடிக்கொள்கின்றன. மூடிய இதழ்கள் அழுத்தத்தில் மேலே புரண்டுவிடாமல் அவற்றின் விளிம்புகளை மெல்லிய நாண்கள் பிடித்திருக்கின்றன. நாண்களின் மறுமுனை, கீழறைச் சுவரிலிருந்து எழும் சிறு தசைத் தூண்களில் பொருந்தியிருக்கிறது. காற்று நிறைந்த கப்பற்பாயை மூலைக்கயிறுகள் இழுத்துப் பிடிக்கும் வேலைதான் அது. சிலருக்கு இதழின் திசு தடித்துத் தளர்ந்து, தேவைக்கு மேல் பெரிதாக வளர்ந்துவிடுகிறது, நாண்களும் நீண்டுவிடுகின்றன. அப்போது ஒவ்வொரு துடிப்பிலும் இதழ் மேலறைக்குள் பிதுங்கிப் புடைக்கிறது. இரண்டு விளிம்புகளும் பிதுங்கிய நிலையிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் ஒழுகாது. தொடாமல் போனால் ஒழுகும். ஒழுக்கு சிறிதாகவே ஆயுள் முழுவதும் இருந்துவிடலாம். பெருகி இதயத்தையே தளரவைக்கவும் செய்யலாம்.

இந்தப் பிதுக்கத்தை யாரும் கண்ணால் காண்பதற்கு வெகுகாலம் முன்பே காது கேட்டுவிட்டது. லப், டப் என்ற இரண்டு ஒலிகளுக்கு நடுவே, சிலரிடம் கூர்மையான ஒரு சொடுக்கு ஒலி கேட்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். க்யூஃபரும் பார்பியோனும் அதை எழுதியது 1887-ல். லியோன் நகரத்து லூயி கல்லவார்டென் 1913-ல் இந்த ஒலியை இன்னும் நுணுக்கமாக விவரித்தார். ஆனால் காரணத்தில் தவறிவிட்டார். இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்தபோது, இதய உறைக்கும் நுரையீரல் உறைக்கும் இடையே பழைய ஒட்டுகள் இருப்பதைக் கண்டார். ஒட்டிய இடம் துடிப்பில் இழுபடுவதால் ஒலி வருகிறது, இதயத்துக்கு உள்ளே ஒன்றுமில்லை, கேட்டாலும் பயப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். அந்த விளக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றது. அப்படி நின்றதில் வியப்பில்லை. அவர் கண்முன்னே ஒட்டுகள் இருந்தன. வால்வு பிதுங்குவதோ உயிருள்ள, சுருங்கிக்கொண்டிருக்கும் இதயத்தில் மட்டும் நடப்பது. பிணப் பரிசோதனையில் கிடைத்த இதயத்தில் இதழ்கள் அமைதியாகக் கிடக்கும். சோதனை முறை எதைக் காட்ட வல்லதோ அதையே காரணமாக எடுத்துக்கொள்ளும் பிழை, இந்த வரலாற்றில் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த விளக்கம் தென்னாப்பிரிக்காவில் உடைந்தது. 1961-ல் ஜே.வி.ஓ. ரீட் என்ற மருத்துவர், அந்நாட்டு மருத்துவ இதழில் வேறொரு ஊகத்தை முன்வைத்தார். சொடுக்கு இதய உறையிலிருந்து வருவதன்று. மைட்ரல் வால்வின் நாண் ஒன்று தொய்வாக இருந்து சட்டென்று விறைக்கும்போது எழுவது என்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1963-ல், ஜோஹானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பார்லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் சான்றோடு வந்தார்கள். சொடுக்கோடு சேர்ந்து, துடிப்பின் பின்பாதியில் மட்டும் ஒரு மர்மர், அதாவது ரத்தம் உரசிப் பாயும் இரைச்சல், சிலரிடம் கேட்கும். வால்வு ஒழுகினால் கீழறை சுருங்கத் தொடங்கிய கணத்திலிருந்தே ஒழுக வேண்டுமே, பின்பாதியில் மட்டும் எப்படி ஒழுகும் என்பது அந்நாள் மருத்துவர்களின் நியாயமான கேள்வி. பார்லோ கீழறைக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்திப் படச்சுருளில் ஓடவிட்டுப் பார்த்தார். சாயம் மேலறைக்குள் பின்வாங்கியது. பின்னர் 1966-ல், பின்னிதழ் பலூன் போல மேலறைக்குள் புடைப்பதையும் அவர் பாஸ்மனோடு சேர்ந்து எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில் மைக்கேல் கிரைலி, இதற்கு ‘மைட்ரல் வால்வு ப்ரொலாப்ஸ்’ என்று பெயரிட்டார். பெயர் கிரைலியுடையதாக நிலைத்தாலும், இன்றும் பல நாடுகளில் இதைப் பார்லோ நோய் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் நோய் கண்டறிதல் எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வந்த பெருவெள்ளத்தில் இந்த நுட்பம் மறந்துபோயிற்று. மருத்துவர் இடமார்பின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார். லப்புக்கும் டப்புக்கும் நடுவே சொடுக்கு கேட்கிறது. நோயாளியை எழுந்து நிற்கச் சொல்கிறார், ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதில்லை. நின்றதும் கால்களில் ரத்தம் தங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, கீழறை சிறிதாகிறது. அறை சிறிதாகிவிட்டால், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் இதழ் இன்னும் சீக்கிரமே பிதுங்கிவிடும். ஆகவே சொடுக்கு முன்னேறி லப்பை நெருங்குகிறது. அதைத் தொடரும் இரைச்சலும் நீள்கிறது. இப்போது நோயாளியைக் குந்தி உட்காரச் சொல்கிறார். இதயத்துக்குள் ரத்தம் நிறைகிறது, அறை விரிகிறது, சொடுக்கு பின்வாங்கி டப்பின் பக்கம் நகர்கிறது. எக்கோ இல்லாத காலத்தில் ஒரு சொடுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை ஒருவர் எழுந்து உட்காருவதிலிருந்தே தீர்மானிக்க முடிந்தது. இந்தச் சோதனையில் நோயின் இயக்கமே சாட்சி சொல்கிறது. இதழும் அறையும் அளவில் பொருந்தவில்லை என்பதுதான் கோளாறு. நிற்பதும் குந்துவதும் அந்தப் பொருத்தமின்மையைக் கூட்டிக் குறைத்துக் காட்டுகின்றன.

காதுக்குப் போட்டியாகக் கண் வந்தது எக்கோ மூலம். 1953 அக்டோபரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியைக் கொண்டு, துடிக்கும் இதயத்திலிருந்து எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எட்லர் தேடியது மைட்ரல் வால்வின் சுருக்கத்தை. பிதுக்கம் அவர் மனத்தில் இல்லை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த முறையைப் பிதுக்கத்தைக் கண்டறியப் பயன்படுத்தினார்கள். அந்நாளைய எக்கோ இன்று நாம் ஆஸ்பத்திரித் திரையில் காணும் அசையும் படம் இல்லை. ஊசி முனை போன்ற ஒற்றைக் கதிர் இதயத்துக்குள் போய் வரும். அது தொட்ட புள்ளிகளின் அசைவு, ஓடும் காகிதத்தில் கோடுகளாக விழும். மூடிய இதழின் கோடு தூளி போலக் கீழ்நோக்கித் தொய்ந்தால் பிதுக்கம் என்றார்கள். ஆனால் அந்த ஒற்றைக் கதிரை மார்பில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, நல்ல இதழின் கோடும் தூளி போலத் தொய்யும். அந்த ஐயத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கருவி வலியில்லாதது, விரைவானது. படபடப்பு என்றோ மார்வலி என்றோ வந்த இளம்பெண்களுக்கெல்லாம் எக்கோ எடுக்கப்பட்டது. பலருக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

1970-களிலும் 80-களிலும் நடந்ததை ஒரு கொள்ளைநோய் என்றே சொல்லலாம். கிருமி இல்லாத கொள்ளைநோய். 1871-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் படபடப்பும் மூச்சுமுட்டலும் மார்வலியும் சேர்ந்து வருவதை ஜேக்கப் டகாஸ்டா எழுதியிருந்தார். முதல் உலகப்போரில் அது படைவீரர் இதயம் என்றும் முயற்சி நோய் என்றும் பெயர் மாறியது. இப்போது அத்தனைக்கும் காரணம் மைட்ரல் பிதுக்கம்தான் என்று சிலர் எழுதினார்கள். திடீர் அச்சம், மயக்கம், களைப்பு எல்லாம் அதன் கணக்கில் சேர்ந்தன. 1980-ல் கனடாவிலிருந்து ஹென்றி பார்னெட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் அச்சுறுத்தியது: பக்கவாதமோ அதன் முன்னெச்சரிக்கைத் தாக்குதலோ வந்த 45 வயதுக்குட்பட்ட 60 பேரில் 24 பேருக்கு, அதாவது 40 சதவீதத்தினருக்கு, பிதுக்கம் இருந்ததாகக் கண்டார்கள். ஃபிராமிங்ஹாமிலேயே 1983-ல் வந்த முந்தைய கணக்கெடுப்பு ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 5,000 பேரை ஒற்றைக் கதிர் எக்கோவில் பார்த்ததில் 5 சதவீதம் என்றது. அதில் ஒரு விசித்திரம் இருந்தது: இருபதுகளில் இருந்த பெண்களில் 17 சதவீதம், எண்பதுகளில் இருந்தவர்களில் 1 சதவீதம். ஆண்களில் எல்லா வயதிலும் 2 முதல் 4 சதவீதம். திசு தளர்ந்து இதழ் பெரிதாவதே நோய் என்றால், அது வயதோடு கூட வேண்டும். தளர்ந்த இதழ் மறுபடி இறுகாது. பிதுக்கம் உள்ள பெண்கள் எல்லாரும் கிழவிகளாவதற்குள் இறந்துபோகவும் இல்லை. ஆகவே அளவீட்டிலேயே ஏதோ இடறுகிறது என்று அந்த எண் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த நாம் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்; அன்று அந்த வரியைப் படித்தவர்களுக்கு அது பெண்ணுடலின் ஒரு புதிராகத் தெரிந்திருக்கும்.

1980-களில் ஒற்றைக் கதிர் போய், இதயத்தின் குறுக்குவெட்டை அசையும் படமாகக் காட்டும் எக்கோ பரவிவிட்டது. கருவி தெளிவானதால் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? 1985-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த குழு, ஆரோக்கியமான 193 பிள்ளைகளைப் புதிய எக்கோவில் பார்த்தது. 13 சதவீதத்தினருக்குப் பிதுக்கம்; 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் 35 சதவீதம். வளர்ந்துவரும் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு இதய வால்வு நோய் என்பது ஏற்க முடியாத முடிவு. அந்த ஆய்வகம் அதை ஏற்கவும் இல்லை. அதற்காக அதை மறைத்துவிடவும் இல்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த தருணம் அதுதான். நோயின் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு ஏறும்போது, நோயாளியைச் சந்தேகிப்பதை விட்டு வரையறையைச் சந்தேகிக்கும் துணிவு அங்கே இருந்தது. இதே குழுவைச் சேர்ந்த ராபர்ட் லெவைன், மைட்ரல் வளையத்தின் உண்மையான வடிவம் என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். பல கோணங்களில் எடுத்த குறுக்குவெட்டுகளைச் சேர்த்து முப்பரிமாணமாகக் கட்டிப் பார்த்தபோது, வளையம் தட்டையாக இல்லை; குதிரைச் சேணம் போல நெளிந்திருந்தது. 1987-ல் அந்த முடிவு வெளியானது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் அப்பளம் போதும். எண்ணெயில் போட்டதும் சில அப்பளங்கள் தட்டையாக நிற்காமல், எதிரெதிர் இரண்டு ஓரங்கள் மேலேறி, மற்ற இரண்டு ஓரங்கள் கீழே தாழ்ந்து நெளிந்துவிடும். அதன் விளிம்பைத்தான் மைட்ரல் வளையமாக நினைத்துக்கொள்ள வேண்டும். முன்புறமும் பின்புறமும் உள்ள விளிம்புகள் மேலறையை நோக்கி உயர்ந்தவை. இரு பக்கவாட்டு விளிம்புகளும் கீழறையை நோக்கித் தாழ்ந்தவை. அப்பளத்தைத் தாழ்ந்த ஓரங்கள் வழியாக நேர்வெட்டாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்தால், நடுப்பகுதி இரு ஓரங்களையும் விட உயர்ந்து புடைத்திருக்கும். உயர்ந்த ஓரங்கள் வழியாக வெட்டினால் அதே நடுப்பகுதி ஓரங்களுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். பொருள் ஒன்று, வெட்டு இரண்டு, தோற்றம் நேரெதிர். நான்கு அறைகளும் ஒருசேரத் தெரியும் எக்கோ கோணம், வளையத்தைத் தாழ்ந்த ஓரங்கள் வழியாக வெட்டுகிறது. அழகான, எடுப்பதற்கு வசதியான படம் அது. அதில் இரு ஓரங்களையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டு, இதழ் கோட்டுக்கு மேலே தெரிகிறது, பிதுக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் நல்ல வால்வின் இதழும் அந்தக் கோணத்தில் கோட்டுக்கு மேலேதான் தெரியும். நெஞ்சின் முன்பக்கத்திலிருந்து இதயத்தின் நீளவாக்கில் எடுக்கும் கோணம்தான் வளையத்தின் உயர்ந்த ஓரங்களைக் காட்டும். அந்தக் கோட்டையும் தாண்டி இதழ் 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மட்டுமே அது பிதுக்கம். அதோடு இதழின் தடிப்பு 5 மில்லிமீட்டரை எட்டினால் அது முழு உருவம் கொண்ட பிதுக்கம். 1999-ன் ஃபிராமிங்ஹாம் கணக்கு இந்த அளவுகோலில் எடுக்கப்பட்டதுதான். 84 பேரில் 47 பேருக்குத் தடித்த இதழ், 37 பேருக்குத் தடிக்காத பிதுக்கம்.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: வரையறையை இறுக்கினால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும், கோட்டை நகர்த்தியதைக் கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்வது? கேள்வி நியாயமானது. வரையறையை மாற்றியதோடு நின்றிருந்தால் அது கணக்கு விளையாட்டாகவே இருந்திருக்கும். லெவைன் குழு 1988-ல் அடுத்த படியையும் எடுத்தது. நான்கறைக் கோணத்தில் மட்டும் பிதுங்கியதாகத் தெரிந்தவர்களையும், நீளவாக்குக் கோணத்திலும் பிதுங்கியவர்களையும் பிரித்து, இரு சாராருக்கும் வேறு பாதிப்பு உண்டா என்று பார்த்தார்கள். முதல் சாராருக்கு இதழ் தடித்திருக்கவில்லை, மேலறை பெருத்திருக்கவில்லை, ஒழுக்கும் மற்றவர்களை விட மிகுந்திருக்கவில்லை. இரண்டாம் சாரார்தான் நோயின் மற்ற அடையாளங்களைச் சுமந்திருந்தார்கள். புதிய கோடு நோயையும் நலத்தையும் பிரித்தது. பழைய கோடு பிரிக்கவில்லை. பக்கவாதக் கதையும் இதே தேர்வில் தோற்றது. 1999-ல் புதிய அளவுகோலைக் கொண்டு, பக்கவாதம் வந்த 45 வயதுக்கு மேற்படாத 213 பேரைப் பார்த்ததில் பிதுக்கம் 4 பேருக்கு மட்டும் இருந்தது. பக்கவாதம் வராத 263 பேரில் 7 பேருக்கு இருந்தது. 1980-ன் 40 சதவீதம் 2 சதவீதமாகச் சுருங்கி, ஒப்பிட எடுத்தவர்களை விடவும் குறைந்துபோயிற்று.

இன்னொரு மறுப்பு நல்லெண்ணத்திலிருந்து வருவது. இதய நோய் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுவது நல்லதல்லவா, தவறவிடுவதை விடத் தவறாகச் சொல்வது மேல் அல்லவா? இதை என்னால் ஏற்க முடியவில்லை. இதயத்தில் வால்வு கோளாறு என்ற ஒரு வரி, இருபது வயதுப் பெண்ணின் கையில் கொடுக்கப்பட்டால், அது வாழ்நாள் முழுவதும் அவளோடு வருகிறது. பல் பிடுங்கும் முன் வால்வில் கிருமி தொற்றாதபடி ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம், இந்தப் பிதுக்கம் உள்ள பலருக்கும் பல்லாண்டு பரிந்துரைக்கப்பட்டது. அமெரிக்க இதயச் சங்கம் 2007-ல்தான் பிதுக்கத்தை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. அச்சம் எந்தப் பரிசோதனையிலும் அளக்கப்படாததால் அதைச் செலவில்லாதது என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பெண்களின் படபடப்பும் மார்வலியும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவை உண்மை, வால்வின் தலையில் அவற்றை ஏற்றியதுதான் தவறு. ஃபிராமிங்ஹாமில் மார்வலியும் மூச்சுமுட்டலும் பிதுக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே அளவில்தான் இருந்தன. படபடப்போடு வந்தவர்களுக்குத்தான் எக்கோ எடுக்கப்பட்டது, எக்கோ எடுத்தவர்களில் பலருக்குப் பிதுக்கம் தெரிந்தது, அதனால் படபடப்புக்குக் காரணம் பிதுக்கம் என்றாயிற்று. பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடும். உண்மையான காரணம், அது தைராய்டோ ரத்தசோகையோ மனத்துயரோ, தேடப்படாமலே போய்விடும். இந்த இழப்பை எந்த ஆய்வும் எண்ணவில்லை.

காதின் கணக்கு என்ன ஆயிற்று? இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதில்தான் இருக்கிறது. 1970-களில், ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில், நிறவெறி ஆட்சியில் ஒதுக்கிவைக்கப்பட்ட கறுப்பினக் குழந்தைகளிடையே பார்லோவின் குழுவினர் 12,050 பள்ளிப்பிள்ளைகளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். முதல் நோக்கம் ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவான வால்வு நோய். அது 1,000 பிள்ளைகளுக்கு 6.9 என்ற அளவில் இருந்தது. கூடவே பிதுக்கத்தின் சொடுக்கையும் மர்மரையும் தனியே எண்ணினார்கள்: 168 பிள்ளைகள், 1,000-க்கு ஏறத்தாழ 14. அதாவது 1.4 சதவீதம். பிதுக்கத்தைக் காதால் மட்டும் தேடிய கணக்கு இது. சொடுக்கு எழுப்பாத பிதுக்கங்களைக் காது தவறவிட்டிருக்கும். பிள்ளைகளையும் ஃபிராமிங்ஹாமின் நடுவயதினரையும் அப்படியே ஒப்பிடவும் கூடாது. இருந்தாலும் திருத்தப்பட்ட எக்கோவின் 2.4 சதவீதத்துக்கு, 1976-ன் 21 சதவீதத்தை விடக் காதின் 1.4 சதவீதம் எவ்வளவு நெருக்கம்! இங்கே நம் நாட்டின் அனுபவமும் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் மைட்ரல் வால்வு நோய் என்றாலே தொண்டை அழற்சியில் தொடங்கி மூட்டுவலியாக வந்து வால்வைச் சுருக்கிவிடும் ருமாட்டிக் நோய்தான் பல்லாண்டு மருத்துவர்களின் மனத்தில் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சுருங்கிய மைட்ரல் வால்வை இதயத்தை நிறுத்தாமலே விரித்துவிடும் அறுவை சிகிச்சை தொடர்ந்து 3,724 பேருக்குச் செய்யப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1983-ல் பதிவு செய்தார்கள். ஒட்டிச் சுருங்கிய வால்வையும் தளர்ந்து பிதுங்கிய வால்வையும் ஒரே சொல்லில் வால்வு கோளாறு என்று குடும்பங்களில் பேசுகிறோம். ஒன்று வறுமையும் நெருக்கடியான வீடுகளும் வளர்க்கும் தொற்றின் விளைவு, மற்றது பெரும்பாலும் திசுவின் பிறவி இயல்பு. சிகிச்சையும் எதிர்காலமும் வேறு வேறு.

இதெல்லாம் சரி, அப்படியானால் பிதுக்கம் என்பதே பெரிதாக ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வரலாமா என்று மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம். 1999-க்குப் பிறகு அந்த மனநிலை மருத்துவர்களிடையேகூடக் கொஞ்சம் பரவியது. அது எதிர்ப்பக்கத்துப் பிழை. வரையறை இறுகியதன் பயன், உண்மையிலேயே நோய் உள்ள சிறுபான்மையைக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிந்ததுதான். பார்லோவே இதற்காகச் சொற்களோடு போராடினார். 1985-ல் அவரும் போகாக்கும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, புடைத்தல், தளர்தல், பிதுங்கல், நாணறுந்து துவளுதல் என்று நான்கு நிலைகளைப் பிரித்துக் கேட்கும் கேள்வி. புடைப்பது பலரிடம் இயல்பு. அவர்கள் கணக்கில் விளிம்புகள் பிரிந்துவிடுவதே பிதுங்கல். நாண் அறுந்தால் ஒழுக்கு ஒரே நாளில் பெருகி மூச்சடைக்கும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்தால் முதலாமவர் வீணாகப் பயப்படுவார், கடைசியில் இருப்பவர் வீணாகத் தைரியமாக இருப்பார். பாரிஸின் அலன் கார்ப்பன்டியே 1983-ல் முறைப்படுத்தி விளக்கிய அறுவை சிகிச்சை, தளர்ந்த வால்வை வெட்டி எறிந்து செயற்கை வால்வு வைப்பதற்குப் பதிலாக, மிகுந்த திசுவைக் குறைத்து, வளையத்துக்கு ஆதரவு கொடுத்து, சொந்த வால்வையே சீராக்குகிறது. வளர்ந்த நாடுகளில் மைட்ரல் வால்வுக்காக அறுவை மேசைக்கு வருபவர்களில் மிகுதியானவர்கள் இந்தப் பிதுக்கம் முற்றியவர்கள்தாம்.

அதைவிடச் சிறிய, இன்னும் கவலைக்குரிய ஒரு கூட்டமும் இருக்கிறது. 2015-ல் இத்தாலியின் படுவா நகர ஆய்வாளர்கள், 40 வயதுக்குள் திடீரென்று இதயம் நின்று இறந்த 650 பேரின் இதயங்களைப் பரிசீலித்தபோது, 43 பேரிடம் பிதுக்கம் தவிர வேறு காரணம் காணவில்லை. அவர்களில் பலரின் கீழறையில், நாண்களைத் தாங்கும் தசைத் தூண்களிலும் அவற்றை ஒட்டிய சுவரிலும், நார்த்தழும்பு இருந்தது. அந்தத் தழும்புதான் இதயத்தின் தாளத்தைக் குலைக்கும் மின்கோளாறுக்கு இடமாகிறது. இப்போது எம்ஆர்ஐ ஸ்கேனில் உயிரோடு இருப்பவர்களிடமே அந்தத் தழும்பைக் காண முடிகிறது. பிதுக்கம் உள்ள எல்லாருக்கும் அது இருப்பதில்லை; இருக்கும் சிலரைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தழும்பு வரும் இடத்தைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தளர்ந்த இதழ் மேலே புடைத்து, தொய்ந்திருந்த நாண் சட்டென்று விறைக்கும்போது, இழுவை போய்ச் சேரும் இடம் அந்தத் தசைத் தூணின் அடிதான். அந்த இழுவைதான் பல்லாண்டு சேர்ந்து தழும்பாகிறது என்பது படுவா ஆய்வாளர்களின் ஊகம். நாண் விறைக்கும் அந்தக் கணத்தைத்தான் 1961-ல் ரீட் சொடுக்கு ஒலியாகக் கேட்டார்.